எந்த எலும்பு என்று முதலில் எழுதுங்கள்

தொல்மனிதர் பற்றித் தமிழில் எழுதுவோருக்கும் காட்சி அமைப்போருக்கும் ஒரு திறந்த மடல்

நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் அறிவியல் பக்கம் பார்க்கும் நண்பர்களுக்கும், பாடநூலுக்குப் படம் வரைவோருக்கும், அருங்காட்சியகங்களில் மாதிரி எலும்புக்கூடு நிறுத்துவோருக்கும் வணக்கம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மனித இனத்தின் முன்னோர் பற்றி எதை எழுதினாலும், எதைக் காட்டினாலும், அந்த முடிவு எந்த எலும்பிலிருந்து வந்தது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். எத்தனை துண்டு கிடைத்தது, எந்தப் பகுதி கிடைக்கவில்லை, காலத்தை எப்படிக் கணித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இப்போது தமிழில் வரும் செய்திகளில் பெரும்பாலும் முடிவு மட்டும்தான் இருக்கிறது. ‘70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் நிமிர்ந்து நடந்தான்’ என்று தலைப்பு இருக்கும். எதைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள் என்று உள்ளே தேடினால் கிடைக்காது. மறு ஆண்டு வேறொரு குழு மறுத்தால், ‘விஞ்ஞானிகள் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள்’ என்றுதான் வாசகர் நினைப்பார். எலும்பைக் காட்டியிருந்தால் எதைப் பற்றிய சண்டை என்பதாவது அவருக்குப் புரிந்திருக்கும்.

அந்த 70 லட்சம் ஆண்டுச் செய்தியையே எடுத்துக்கொள்வோம். வட சாட் நாட்டின் ஜுராப் பாலைவனத்தில் டோரோஸ்-மெனல்லா என்ற இடத்தில் 2001 ஜூலையில் ஒரு மண்டையோடு கிடைத்தது. மிஷேல் புருனே தலைமையிலான குழு 2002-இல் அதற்கு சாஹெலாந்த்ரோபஸ் சாடென்சிஸ் என்று பெயரிட்டது. அதன் செல்லப்பெயர் டூமாய். மூளை அளவு ஏறத்தாழ 360, 370 கன செ.மீ., அதாவது சிம்பன்சியின் அளவு. ஆனால் கோரைப்பல் சிறியது. மண்டையோட்டின் அடியில் தண்டுவடம் இறங்கும் பெருந்துளை, சிம்பன்சியில் இருப்பதைவிட முன்தள்ளி, கீழ்நோக்கி இருப்பதாகக் குழு சொன்னது. தலை முதுகெலும்பின் மேல் நேராக உட்கார்ந்திருக்க வேண்டும், ஆகவே இது நிமிர்ந்து நடந்த உயிரினம் என்பது அவர்கள் வாதம். இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த மண்டையோடு மண்ணின் அழுத்தத்தில் நசுங்கிக் கோணியிருந்தது. துளையின் கோணத்தை அப்படியே அளக்க முடியாது. 2005-இல் சி.டி. ஸ்கேன் எடுத்து, கணினியில் துண்டுகளைப் பிரித்து மீண்டும் பொருத்தித்தான் கோணத்தைச் சொன்னார்கள். ஆக நமக்குக் கிடைத்திருப்பது மறுசீரமைப்பில் அளந்த எண். அசல் எலும்பில் அளந்ததல்ல. செய்தி எழுதும்போது இந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

அதே இடத்தில் ஓர் இடது தொடை எலும்பும் இரண்டு முழங்கை எலும்புகளும் கிடைத்திருந்தன. விலங்கு எலும்புகளோடு கிடந்த அந்தத் தொடை எலும்பு என்னவாக இருக்கும் என்பது 2004-இல் பிரான்சின் புவாத்தியே பல்கலைக்கழகத்தில்தான் கவனத்துக்கு வந்தது. அதைப் பற்றிய முதல் விரிவான கட்டுரை வந்ததோ 2020-இல். அது, இந்த எலும்பு இரண்டு காலில் நடந்ததைக் காட்டவில்லை என்றது. 2022-இல் மூலக் குழுவின் கட்டுரை, காட்டுகிறது என்றது. ஒரே எலும்புக்கு நேரெதிரான இரண்டு முடிவுகள் எப்படி வந்தன?

இதைப் புரிந்துகொள்ளப் பள்ளி ஆய்வகத்தில் தொங்கும் மனித எலும்புக்கூடு போதும். அதன் தொடை எலும்பைக் கழற்றி, கீழ்முனையில் இருக்கும் இரண்டு குமிழ்களும் மேசையில் சமமாகப் படும்படி நிறுத்திப் பாருங்கள். தண்டு செங்குத்தாக நிற்காது. வெளிப்பக்கமாக 8 முதல் 11 பாகை வரை சாயும். சிம்பன்சியின் தொடை எலும்பை இப்படி நிறுத்தினால் கிட்டத்தட்ட நேராக நிற்கும். நமக்கு இடுப்பு அகலம், ஆனால் முழங்கால்கள் நெருங்கியிருக்கின்றன. ஒற்றைக் காலில் நிற்கும் ஒவ்வொரு நொடியும் பாதம் உடல் எடையின் நடுக்கோட்டுக்குக் கீழே வர வேண்டும் என்பதால் இந்தச் சாய்வு. சிம்பன்சிக்கு அது இல்லாததால் இரண்டு காலில் நடக்கும்போது உடம்பு பக்கத்துக்குப் பக்கம் ஆடுகிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பிறந்த குழந்தைக்கு இந்தச் சாய்வு கிடையாது. நடை பழகும்போதுதான் உருவாகிறது. நடக்கவே முடியாமல் வளரும் குழந்தைகளுக்கு அது உருவாவதில்லை. அதனால்தான் இந்தக் கோணம் அவ்வளவு வலுவான சான்று. அந்த உயிர் உண்மையிலேயே நடந்தது என்பதன் தடம் அது.

எத்தியோப்பியாவின் ஹடாரில் டொனால்ட் ஜொஹான்சன் 1973-இல் ஒரு முழங்கால் மூட்டைக் கண்டெடுத்தார். லூசி என்ற புகழ்பெற்ற எலும்புக்கூடு அங்கே கிடைப்பதற்கு ஓராண்டு முன்பு. மண்டையோடும் இடுப்பும் கையில் இல்லாதபோதே, 30 லட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஓர் உயிரினம் இரண்டு காலில் நடந்தது என்று சொல்ல அந்த ஒரு மூட்டு போதுமானதாக இருந்தது. சாய்வு அதில் அப்படியே பதிந்திருந்தது.

டூமாயின் தொடை எலும்பில் இரண்டு முனையும் இல்லை. மேலே இடுப்பில் பொருந்தும் பந்தும் போய்விட்டது, கீழே குமிழ்களும் போய்விட்டன. மேசைச் சோதனைக்கு வழியே இல்லை. எஞ்சியது தண்டு மட்டும். எனவே வாதமெல்லாம் தண்டின் வளைவு, எலும்புச் சுவரின் தடிமன் எங்கே கூடுகிறது குறைகிறது, கழுத்துப் பகுதிக்குக் கீழே உள்ளே எலும்புத் தகடு ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதைச் சுற்றியே நடக்கிறது. அந்தத் தகடு நிமிர் நடையின் அடையாளம் என்கிறது ஒரு தரப்பு. வாலில்லாக் குரங்குகள் சிலவற்றிலும் அது உண்டு, மனிதர் எல்லோரிடமும் தெளிவாக இருப்பதில்லை, ஆகவே அது தீர்ப்பு சொல்லாது என்கிறது மறுதரப்பு. முழங்கை எலும்புகளின் வளைவு மரமேறும் பழக்கத்தைக் காட்டுகிறது என்பதில் அவ்வளவு சச்சரவு இல்லை. ‘முனைகள் இல்லாத ஒரு தொடை எலும்புத் தண்டு’ என்று செய்தியின் முதல் பத்தியில் ஆறு சொல் சேர்த்தால், வாசகர் இந்த வாதம் முழுவதையும் பின்தொடரத் தயாராகிவிடுவார்.

லூசி பற்றி எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். 1974 நவம்பர் 24 அன்று ஹடாரில் கிடைத்த இந்த எலும்புக்கூட்டுக்கு ஏறத்தாழ 32 லட்சம் ஆண்டு வயது. இனம் ஆஸ்ட்ரலோபிதெகஸ் அஃபரென்சிஸ். உயரம் மூன்றரை அடி, எடை 30 கிலோவுக்குள். ‘40 சதவீத எலும்புக்கூடு’ என்று எல்லோரும் எழுதுகிறோம். உடலின் இருநூற்றுச் சொச்சம் எலும்புகளில் கிடைத்தவை 47, அவற்றிலும் பல துண்டுகள். எண்ணிக்கையில் அது நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. கை, கால் பாதங்களின் சிற்றெலும்புகள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றனவே, அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால்தான் 40 வரும். இரண்டு கணக்கும் பிழையல்ல. எந்தக் கணக்கு என்று எழுதுவது நம் வேலை.

லூசியின் மண்டையோட்டில் கிடைத்தவை சில ஓட்டுத் துண்டுகளும் கீழ்த்தாடையும்தான். நீங்கள் பார்க்கும் முழு முகம் அதே இனத்தின் பிற தனியாட்களைப் பார்த்து நிரப்பியது. இடது இடுப்பெலும்பின் பின்பகுதி உடைந்து, துண்டுகள் பிசகிய நிலையிலேயே கல்லாகி ஒட்டிக்கொண்டிருந்தன. அதை அப்படியே பார்த்தால் சிம்பன்சியின் இடுப்பு போலத் தோன்றும். ஓவன் லவ்ஜாய் அதன் வார்ப்பை எடுத்து, துண்டு துண்டாகப் பிரித்துச் சரியாகப் பொருத்திய பிறகுதான் இடுப்புத் தகடுகள் குட்டையாகவும் அகலமாகவும் பக்கவாட்டில் வளைந்தும் இருப்பது தெரிந்தது. அந்த வளைவு எதற்கு என்றால், நடக்கும்போது ஒரு காலைத் தூக்குகிறோம் அல்லவா, அப்போது இடுப்பு அந்தப் பக்கம் சரிந்துவிடாமல் மறுபக்கத் தசை இழுத்துப் பிடிக்க வேண்டும். தகடு பக்கவாட்டில் இருந்தால்தான் தசை அந்த இடத்தில் அமரும். சிம்பன்சிக்குத் தகடு உயரமாக, முதுகுப் பக்கம் பார்த்து இருக்கிறது. அதே தசை அங்கே காலைப் பின்னுக்குத் தள்ளத்தான் உதவும்.

2015-இல் இன்னொரு திருத்தம் வந்தது. லூசியின் முதுகெலும்புத் துண்டுகளில் ஒன்று லூசியுடையதே அல்ல, கெலாடா வகைப் பபூன் குரங்கினுடையது என்று கண்டுபிடித்தார்கள். மாதிரி எலும்புக்கூட்டைப் புதிதாக அடுக்கும்போது, ஒரு முள்ளெலும்பு மற்றவற்றைவிட அளவில் சிறியதாக இருக்கிறதே என்ற ஐயத்தில் தொடங்கிய வேலை அது. 40 ஆண்டுகள் உலகமே பார்த்த எலும்புக்கூட்டில் இப்படி நடந்திருக்கிறது. மற்ற துண்டுகள் லூசியுடையவை என்பதும் அதே ஆய்வில் உறுதியானது. இதை ‘லூசி பொய்’ என்று தலைப்பிடுவது அநியாயம். 2016-இல், லூசி 12 மீட்டருக்கும் உயரமான மரத்திலிருந்து விழுந்து இறந்ததாகத் தோள் எலும்பு முறிவுகளை வைத்து ஒரு குழு எழுதியபோது, அது உலகெங்கும் செய்தியானது. அதே மாதிரி முறிவுகள் அங்கே கிடைத்த மான், யானை எலும்புகளிலும் உண்டு, புதைந்த பிறகு ஏற்படுபவை அவை என்று ஜொஹான்சனும் பிறரும் மறுத்தது அந்த அளவுக்குப் பரவவில்லை.

காலக்கணிப்புக்கு வருவோம். கிழக்கு ஆப்பிரிக்காவில் எரிமலைச் சாம்பல் அடுக்குகள் இருப்பது பெரிய வசதி. அங்கே எலும்பை யாரும் நேரடியாகக் காலம் பார்ப்பதில்லை. அதற்கு மேலும் கீழும் உள்ள சாம்பலின் படிகங்களில் காலப்போக்கில் சேரும் ஆர்கான் வாயுவின் அளவு பார்க்கிறார்கள். தென்னாப்பிரிக்கக் குகைகளில் அந்தச் சாம்பல் கிடையாது. அதனால் ஸ்டெர்க்ஃபான்டைன் குகையின் ‘லிட்டில் ஃபுட்’ எலும்புக்கூட்டுக்கு 36.7 லட்சம் ஆண்டு என்று ஒரு குழுவும், 28 லட்சத்துக்கும் குறைவு என்று இன்னொரு குழுவும் சொல்கின்றன. இப்படி இருக்கும்போது ஒரு எண்ணை மட்டும் எழுதாதீர்கள். இரண்டையும் எழுதி, முறை வேறு என்று சொல்லுங்கள்.

எலும்பின் தோற்றத்தைப் பார்த்து வயது சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஹோமோ நலேடி என்ற தொல்மனித இனத்தைவிட நல்ல சான்று இல்லை. தென்னாப்பிரிக்காவின் ரைசிங் ஸ்டார் குகையில் 2013-இல், 18 செ.மீ. வரை குறுகிய இடுக்கில் நுழைந்துதான் அந்த அறைக்குப் போக முடிந்தது. 1,550-க்கும் மேற்பட்ட துண்டுகள், குறைந்தது 15 பேருடையவை. மூளை 600 கன செ.மீ.யை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோதான். தோளும் வளைந்த விரலெலும்புகளும் மரமேறிகளுடையவை போல. பாதம் கிட்டத்தட்ட நம்முடையது. 2015-இல் அறிவிக்கப்பட்டபோது வயது தெரியவில்லை. வடிவத்தைப் பார்த்து 20 லட்சம் ஆண்டு இருக்கலாம் என்று கருதியவர்கள் உண்டு. 2017-இல் வந்த விடை 2,36,000 முதல் 3,35,000 ஆண்டுகள். மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் நம் இனத்தின் தொடக்க கால முகங்கள் கிடைத்ததும் ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டு அடுக்கில்தான். சிறிய மூளை கொண்ட நலேடியினரும் நம்மவர்களும் ஒரே காலத்தில் ஒரே கண்டத்தில் இருந்திருக்கிறார்கள்.

ஒருவர் பின் ஒருவராக, கூன் நிமிர்ந்து வரும் அந்த வரிசைப் படத்தைப் பாடநூலிலிருந்தும் சுவரிலிருந்தும் எடுத்துவிடச் சொல்வது இதனால்தான். நம் ஊர்ச் சொல்லிலேயே இதற்கு வழி இருக்கிறது. லூசியை ‘நம் பாட்டி’ என்று எழுதாதீர்கள். நேர்வழிப் பாட்டியா, பங்காளி வீட்டுப் பாட்டியா என்று எலும்பை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. லூசியின் இனம் வாழ்ந்த அதே காலத்தில், 34 லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஹடாருக்கு அருகே வொரன்சோ-மில்லே பகுதியில் பெருவிரல் விலகிப் பற்றிக்கொள்ளும் பாதம் கொண்ட இன்னொரு இனம் இருந்தது. அந்தப் பாதத்தின் எட்டு எலும்புகள் கிடைத்திருக்கின்றன. ‘பங்காளிகள்’ என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு உடனே புரியும், உண்மைக்கும் பழுதில்லை.

சொல் பற்றி இன்னும் சில. குரங்கு என்ற ஒரே சொல் தமிழில் வால் உள்ளதற்கும் இல்லாததற்கும் ஓடுகிறது. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் வரும் இடத்தில் ‘வாலில்லாக் குரங்கு’ என்றே எழுதுங்கள். சிம்பன்சி நம் மூதாதை அல்ல. அதற்கும் நமக்கும் பொது முன்னோர் ஒன்று இருந்தது, அதற்குப் பிறகு சிம்பன்சியின் வழியும் மாறித்தான் வந்திருக்கிறது. ‘விடுபட்ட கண்ணி கிடைத்தது’ என்ற தலைப்பு வேண்டவே வேண்டாம். ‘ஆதிமனிதன்’ என்று லூசியையும் நலேடியையும் 3 லட்சம் ஆண்டு நம்மவரையும் ஒரே பெயரில் அழைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். இனப் பெயரைத் தமிழ் எழுத்தில் முழுதாக ஒரு முறை எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பில் மிகுதியாக நடக்கும் பிழை மில்லியனில்தான். 3.2 மில்லியன் என்பது 32 லட்சம். அவசரத்தில் 3.2 லட்சம் என்று போட்டுவிட்டால் லூசி நலேடியின் காலத்துக்கு வந்துவிடுகிறாள். அச்சுக்குப் போகும் முன் மில்லியன் எண்ணைப் பத்தால் பெருக்கி லட்சமாக எழுதியிருக்கிறோமா என்று இன்னொருவர் பார்க்கட்டும்.

மாதிரி நிறுத்துவோருக்கு. இப்போது பல புதைபடிவங்களின் முப்பரிமாணக் கோப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நலேடியின் கோப்புகளை ஆய்வுக் குழுவே அறிவிப்போடு சேர்த்து வெளியிட்டது. லூசியின் சில எலும்புகளின் கோப்புகளும் 2016-இல் பொதுவெளிக்கு வந்தன. அச்சிடும் முன் ஒன்றைக் கவனியுங்கள். முப்பரிமாண அச்சுக்குப் பயன்படும் எஸ்.டி.எல். வகைக் கோப்பில் அளவலகு பதிவாவதில்லை. செ.மீ.யில் உருவாக்கிய கோப்பை அச்சு இயந்திரம் மி.மீ. என்று எடுத்துக்கொண்டால் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வெளியான அளவு ஒன்றோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். லூசியின் தொடை எலும்பு ஏறத்தாழ 28 செ.மீ. இருக்க வேண்டும். அச்சின்போது வரும் தாங்குகால்கள் மூட்டுப் பரப்பில் ஒட்டாதபடி எலும்பைத் திருப்பி வையுங்கள். பெயர்த்தெடுக்கும்போது அங்கே வடு விழுந்தால், பார்க்க வேண்டிய இடமே கெட்டுப்போகும். அடுக்குத் தடிமன் 0.1 மி.மீ. வைத்தால் தசை ஒட்டிய மேடுகள் ஓரளவு தெரியும், 0.3 வைத்தால் வரிகள் அவற்றை மறைத்துவிடும். வார்ப்பிலிருந்து வார்ப்பு எடுப்பதையும் தவிருங்கள். ஒவ்வொரு முறையும் நுணுக்கம் மழுங்கும், பிசின் இறுகும்போது அளவும் சற்றுக் குறையும்.

கிடைத்த எலும்புக்கு ஒரு நிறம், நிரப்பிய பகுதிக்கு வேறு நிறம். இதை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது. லூசியின் மாதிரியைப் பழுப்பும் வெளிர்சாம்பலுமாக நிறுத்தினால், முகத்தில் எவ்வளவு சாம்பல் இருக்கிறது என்று ஒரு சிறுமியே கேட்பாள். கால்களைப் பொருத்தும்போது தொடை எலும்பைச் செங்குத்தாக வைத்து முழங்கால்களை அகற்றிவிடுவது வழக்கமான தவறு. குமிழ்கள் இரண்டும் கீழ்க்கால் எலும்பின் மேல் சமமாகப் படியும்படி வைத்தால் தண்டு தானாகவே சாயும், முழங்கால்கள் நெருங்கும். முழு உருவச் சிலை செய்பவர்கள் மயிர், தோல் நிறம், மூக்கு நுனி, உதடு ஆகியவை எலும்பில் பதியாதவை என்பதைப் பலகையில் எழுத வேண்டும்.

கடைசியாக நம் மண்ணைப் பற்றி. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்தெடுத்த, அச்சூலியம் எனப்படும் பழங்கற்கால வகைக் கைக்கோடரிகளின் காலம் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் வெளியானது. அதே இடத்தின் மேலடுக்குக் கருவிகளுக்கு ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகள் என்று 2018-இல் வந்தது. இரண்டும் உலகக் கவனம் பெற்ற முடிவுகள். ஆனால் அங்கே மனித எலும்பு ஏதும் கிடைக்கவில்லை. கருவியைச் செய்தது எந்த இனம் என்று கல்லை வைத்துச் சொல்ல முடியாது. எனவே ‘15 லட்சம் ஆண்டுக்கு முந்தைய தமிழன்’ என்ற வாசகம் எந்தப் பலகையிலும் இருக்கக் கூடாது. இந்தியாவில் இதற்கென்று சொல்லக்கூடிய முக்கியமான பழைய எலும்பு, மத்தியப் பிரதேசத்தின் ஹத்னோராவில் நர்மதைக் கரையில் அருண் சொனாகியா 1982 டிசம்பர் 5 அன்று கண்டெடுத்த மண்டையோட்டு மேற்பகுதி. அதுவும் பாதிதான். மூளைக் கொள்ளளவு மதிப்பீடே ஏறத்தாழ 1,150-இலிருந்து 1,400 கன செ.மீ. வரை விரிகிறது. முதலில் ஹோமோ எரக்டஸ் வகை என்றார்கள், பிறகு தொன்மையான ஹோமோ சேப்பியன்ஸ் என்றார்கள்.

அத்திரம்பாக்கம் காட்சிக்குப் பலகை எழுதுவோர் இந்த வரிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: ‘இங்கே கிடைத்தவை கற்கருவிகள். இவற்றைச் செய்தவர்களின் எலும்பு கிடைக்கவில்லை. ஆகவே அவர்கள் எந்த இனத்தினர் என்று சொல்ல இயலாது.’

அன்புடன்,
தொல்மனித உடற்கூற்றியலைப் படித்தும் கற்பித்தும் வருவோர் சிலர்